சந்தை பார்க்கவா, சந்தைக்குப் போகவா?

ஆனி மாதம் பிறந்தால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு இல்லை. "இந்த முறை விடுமுறைக்கு இத்தாலிப் பக்கம் வாறம். பலெர்மோவிலை எங்கை சாப்பிடலாம்? நல்ல ரெஸ்ரோரன்ட் ஒண்டு சொல்லுங்கோவன்." லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று எல்லாப் பக்கத்தாலும் இதே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை களைத்துவிட்டது. இந்த மாதம் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், நடந்த ஒரு கதை.

போன வருடம் ஆடியில் ரொறன்ரோவிலிருந்து என் மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளோடும் மாமியோடும் வந்தாள். நாங்கள் இருப்பது கபோவில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பலெர்மோவின் பழைய நகரத்தில் பெயர் பெற்ற சந்தைகள் மூன்று. பல்லரோ, வுச்சிரியா, கபோ. தியாத்ரோ மாசிமோ என்ற பெரிய ஒபரா மண்டபத்துக்குப் பக்கத்தால் வோல்துர்னோ தெருவில் கொஞ்சத் தூரம் நடந்தால் போர்த்தா கரீனி என்ற பழைய நகர வாசல் வரும். அதற்குள்ளே நுழைந்தால் மீனும் மரக்கறியும் சத்தமுமாகக் கபோ.

அவர்கள் வந்த முதல் நாள் எனக்கு வேலை. "நாங்களே சுத்திப் பாக்கிறம், நீ போ" என்றாள் மச்சாள். பின்னேரம் நான் திரும்பி வர, முகம் தொங்கிப் போய் இருக்கிறாள். சந்தைக்குள்ளே மேசை போட்டிருந்த ஓர் இடத்தில் இருந்து, ஐஸ் மேலே கிடந்த மீனையும் இறாலையும் பிள்ளைகள் விரலால் காட்ட, அவர்கள் பொரித்துக் கொடுக்க, கடைசியில் பில் 112 யூரோ.

"கள்ளன்கள்!" என்றாள்.

கள்ளன் இல்லை. பலகையில் விலை எழுதித்தான் இருந்தது. ஆனால் அது கிலோ விலை இல்லை, எத்தோ விலை. எத்தோ என்றால் 100 கிராம். 6 என்று எழுதியிருந்தால் கிலோ 60 யூரோ. அதோடு 'கொப்பெர்தோ' என்று தலைக்கு இவ்வளவு என மேசைக் காசு வேறு. இத்தாலியில் இருக்கும் எங்களுக்கு இது பழக்கம். ரொறன்ரோவில் இருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே முதல் புத்தி: மீனை விரலால் காட்ட முன்னம் "எத்தோவா, கிலோவா?" என்று கேளுங்கள். தராசில் போட்ட பிறகு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இந்த ஊர் மனிசிமார் ஒரு தக்காளிப்பழத்துக்கே கால் மணித்தியாலம் கதைப்பார்கள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மாமியை மட்டும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன், கையில் மரக்கறிப் பையோடு. மாமி ஒரு கடையடியில் நின்றுவிட்டா.

"பிள்ளை, உது சுரைக்காய் எல்லே? ஏன் உப்பிடி நீட்டுக்கு வளர்ந்து கிடக்குது?"

சுரைக்காயேதான். இங்கே 'குக்குட்ஸா' என்பார்கள். பச்சைப் பாம்பு மாதிரி ஒரு மீற்றருக்கு மேலும் நீளும். அதைவிட மாமிக்கு அதிசயமாய் இருந்தது பக்கத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த சுரைக்கொழுந்து. அதற்குப் பெயர் 'தெனெரூமி'. "எங்கட வளவிலை நான் இதை ஆட்டுக்கெல்லோ போட்டனான்" என்று மாமி சிரித்தா.

எனக்கும் இதைக் காட்டித் தந்தது நான் ஒன்பது வருடம் பராமரித்த ஒரு கிழவி அம்மாதான். பலெர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இப்படி வீட்டு வேலையிலும் வயோதிபரைப் பார்க்கும் வேலையிலும் இருந்துதான் காலூன்றினார்கள். ரெஸ்ரோரன்டில் இருந்து இந்த ஊர்ச் சாப்பாட்டை நாங்கள் பழகவில்லை. குசினியில் நின்று பழகினோம். அதனால்தான் ரெஸ்ரோரன்ட் கேட்டால் எனக்குச் சட்டென்று வாயில் வருவதில்லை.

அண்டைக்குச் சமைத்தது இதுதான். கொழுந்தை நன்றாகக் கழுவி நறுக்கி உப்புத் தண்ணீரில் அவிய விட வேண்டும். வேறு சட்டியில் ஒலிவ் எண்ணெய், உள்ளி, தக்காளிப்பழம். கொழுந்து அவிந்த அதே தண்ணீருக்குள் ஸ்பகெட்டியைச் சின்னச் சின்னதாக முறித்துப் போட்டு, வெந்ததும் தக்காளியைக் கொட்டிக் கலந்துவிட்டால் சரி. சூப்பும் இல்லை, பாஸ்தாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. வெயில் காலத்தில் இந்த ஊர் வீடுகளில் வைக்கும் சாப்பாடு. பெரிதாகச் செலவும் இல்லை, நாங்கள் ஏழு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம். மாமி மட்டும் தன் கோப்பைக்கு மிளகாய்த்தூள் தூவிக்கொண்டா.

கடையில்தான் சாப்பிடுவோம் என்றால், நின்றபடி சாப்பிடக்கூடியதைச் சாப்பிடுங்கள். பலெர்மோவின் நல்ல கடைச்சாப்பாடு நிற்கும் சாப்பாடுதான்.

சைவக்காரருக்கு முதலில் 'பனெல்லே'. கடலை மாவை உப்போடு தண்ணீரில் களி மாதிரிக் கிண்டி, மெல்லிசாகப் பரவி, ஆறியதும் வெட்டிப் பொரிப்பது. எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்து, மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் தோதானது, பொரிக்கிற எண்ணெயில் மீன் போடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'கத்ஸில்லி' என்ற உருளைக்கிழங்குப் பொரியலும் பெரும்பாலும் சைவம்தான். 'கப்பொனாத்தா' என்பது கத்தரிக்காய், செலரி, ஒலிவ், கேப்பர் எல்லாம் போட்டுப் புளிப்பும் இனிப்புமாகச் செய்வது. எங்கள் கத்தரிக்காய் மோஜுவுக்குத் தூரத்துச் சொந்தம் என்பேன்.

'ஸ்பின்சோனே' என்ற மொத்தப் பாணைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் அஞ்சோவி மீன் இருக்கும். 'பானி கா மேவ்ஸா' என்றால் மாட்டின் மண்ணீரலும் நுரையீரலும். மாடு தொடாதவர்கள் தள்ளி நில்லுங்கள். தொடுகிறவர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். சோற்று உருண்டையைப் பலெர்மோவில் 'அரன்சீனா' என்று பெண்பாலில் சொல்ல வேண்டும். கத்தானியாவில் அது 'அரன்சீனோ', ஆண்பால். பிழையாகச் சொன்னால் கடைக்காரர் திருத்துவார், கோபமாகவே!

அந்தப் பாணில் தூவும் எள்ளுக்கு இங்கத்தைய கிழவிகள் சொல்லும் பெயர் 'ஜுஜ்ஜுலேனா'. அரபுச் சொல்லில் இருந்து வந்தது. அரபியர் 831இல் பலெர்மோவைப் பிடித்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆண்டவர்கள். எங்கள் நல்லெண்ணெய்ப் போத்தலில் 'ஜிஞ்சலி' என்று போட்டிருக்கிறதே, அதுவும் அதே அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். ஒரு சொல் இந்தப் பக்கம் பாணிலும் அந்தப் பக்கம் எண்ணெயிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது மச்சாளின் மூத்தவன் முதல் தடவையாகக் கைத்தொலைபேசியைக் கீழே வைத்தான்.

மாமியின் மற்ற ஆசை மொந்தே பெல்லெக்ரீனோ. அந்த மலைக் குகைக் கோயிலில் இருக்கிற சாந்தா ரொசாலியா இந்த ஊரின் காவல் தெய்வம். 1624இல் வந்த கொள்ளை நோயில் இருந்து நகரத்தைக் காத்தவ என்று நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் ஆட்கள் வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் நடந்து ஏறுவதைப் பார்க்கலாம். போவதானால் வெயிலுக்கு முன் ஏறுங்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

இனி, எழுத விருப்பமில்லாமல் எழுதுகிற பகுதி.

நான் கபோவுக்கு வந்த காலத்தில் எங்கள் வாசலில் இருந்து மூலை வரைக்கும் மரக்கறிக் கடை நாலு இருந்தது. இப்போது ஒன்று. மற்ற மூன்றும் ஒன்றொன்றாய் மேசையும் குடையும் போட்டு, பிளாஸ்டிக் கோப்பையில் பொரித்த மீனும் செம்மஞ்சள் நிறக் குடிவகையும் விற்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிலோ கத்தரிக்காயில் கிடைக்கும் லாபம் எங்கே, ஒரு கோப்பைப் பொரியலில் கிடைப்பது எங்கே? 2015இல் இங்குள்ள அரபு-நோர்மன் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2018இல் பலெர்மோ இத்தாலியின் கலாசாரத் தலைநகரமாக இருந்தது. சனம் வரத் தொடங்கியது. வந்த சனத்துக்குப் படுக்க இடம் வேண்டும்தானே.

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. இங்கே வாடகை ஒப்பந்தம் வழமையாக நாலு வருடம், பிறகு இன்னொரு நாலு. இரண்டாவது நாலு அடுத்த பங்குனியோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டாராம். நல்ல மனிசன், நேரிலும் வந்து சொன்னார். கீழ் வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விட்டதில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் மாதம் முழுக்கக் கொடுப்பது அங்கே பத்து நாளில் வந்துவிடும். நகரத்துக்கு வெளியே வீடு பார்க்கிறோம். மகளின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"வாங்கோ, கபோவைப் பாருங்கோ" என்று இத்தனை வருடமாக எழுதியவள் நான்தான். அதை நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. வராதேங்கோ என்று சொல்ல மாட்டேன். நாங்களும் வந்தவர்கள்தானே. ஒன்று மட்டும் கேட்கிறேன்: சந்தை பார்க்க வராமல், சந்தைக்குப் போகிறவர்களாக வாருங்கள். ஒரு பை கொண்டு வாருங்கள். அரைக் கிலோ தக்காளிப்பழம், ஒரு கட்டு கொழுந்து, மத்தி மீன் கொஞ்சம் வாங்குங்கள். படம் எடுத்துவிட்டுப் போகிற நூறு பேரால் அந்தக் கடைசி மரக்கறிக் கடை நிற்காது. வாங்கிக்கொண்டு போகிற பத்துப் பேரால் நிற்கும்.

அடுத்த வருடம் இந்த வீட்டிலேயே நீங்கள் வந்து தங்கவும் கூடும். மூன்றாம் மாடி, யன்னலைத் திறந்தால் சந்தைச் சத்தம். குசினி சின்னன்தான், ஆனால் காற்று நல்லாய் வரும். அடுப்பை மூட்டிச் சமையுங்கோ.