காயத்தின் காரணத்தைச் சொல்லும் நூல்கள்

பெண்களின் மனக்காயத்தை ஆற்றி அவர்களின் ஆளுமையை வளர்ப்பதாகச் சொல்லி விற்பனைக்கு வரும் நூல்களில், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு மரபுகள் ஒரே அடுக்கில் அமர்ந்திருக்கின்றன. துன்பத்தின் வேர் வாசகியின் எண்ணத்தில் இருக்கிறது, எண்ணத்தை மாற்றிக்கொண்டால் வாழ்க்கையும் மாறிவிடும் என்று கற்பிக்கும் தன்முன்னேற்ற நூல்கள் முதல் மரபைச் சேர்ந்தவை. தன் உடலுக்கும் வாழ்வுக்கும் நேர்ந்ததைப் பெண்ணே ஆராய்ந்து எழுதி, அதன் காரணம் வீட்டிலும் மருத்துவமனையிலும் சாதியிலும் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று காட்டும் நூல்கள் இரண்டாம் மரபைச் சேர்ந்தவை. விற்பனையில் முந்துவது முதல் மரபுதான் என்றாலும், நின்று ஆற்றும் வலிமை இரண்டாவதற்கே அதிகம் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவரும் உணர முடியும்.

முதல் மரபின் மிகப் பெரிய வெற்றி, அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் ஹே 1984-இல் வெளியிட்டு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையான 'யூ கேன் ஹீல் யுவர் லைஃப்' என்னும் நூலாகும். குழந்தைப் பருவத்திலேயே வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர் அவர் என்பதால், தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் தன்னிடம் கனிவாக நடந்துகொள்ளக் கற்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது அதில் பொய்யில்லை. அந்தக் கனிவால் தேறியவர்கள் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. சிக்கல் அந்நூலின் பிற்பகுதியில் வரும் பட்டியலில்தான் தொடங்குகிறது. உடல்நோய்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய மனப்போக்கையும் அதை மாற்றச் சொல்லவேண்டிய நல்வாசகத்தையும் தரும் அப்பட்டியல், மார்பு தொடர்பான நோய்களுக்குத் தன்னைப் பேணிக்கொள்ள மறுப்பதையும் பிறரை அளவுக்கு மீறித் தாய்மையோடு தாங்குவதையும் காரணமாகக் காட்டுகிறது. காலமெல்லாம் குடும்பத்தைத் தாங்கு என்று கற்பிக்கப்பட்ட பெண்ணிடம், அப்படித் தாங்கியதால்தான் நோய் வந்தது என்று சொல்வது அவள் சுமையின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதே தவிர ஆற்றுவதாகாது.

இதற்கான மறுமொழி, ஹேயின் நூலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டது. கறுப்பினக் கவிஞரும் சிந்தனையாளருமான ஆட்ரி லார்ட், 1978-இல் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பை இழந்தபின் எழுதிய குறிப்புகளையும் கட்டுரைகளையும் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்ற சிறுநூலாக 1980-இல் வெளியிட்டார். இழந்த மார்பின் இடத்தில் செயற்கை மார்பை வைத்துக்கொள்ள அவர் மறுத்தபோது, அறுவை மருத்துவரின் அலுவலகத்திலிருந்த செவிலி, அதை அணியாமல் வந்தால் அங்கு வரும் மற்றவர்களின் மன உறுதி குலையும் என்று கடிந்துகொண்டதை லார்ட் பதிவு செய்கிறார். நோயுற்றவளின் வலியைவிடப் பார்ப்பவரின் சங்கடம் பெரிதாகக் கருதப்பட்ட அந்த நொடியிலிருந்து அவருடைய ஆராய்ச்சி விரிகிறது: ஒரே நோய்க்கு ஆளான பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணாதபடி மறைத்து வைக்கப்படுவதால் அவர்கள் தனித்தனியே அஞ்சுகிறார்கள், அந்தத் தனிமை அவர்களைக் கேள்வி கேட்க விடாமல் தடுக்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. மகிழ்ச்சியாக இருப்பவர்களைப் புற்றுநோய் அண்டாது என்ற கருத்தையும் அவர் எடுத்து வைத்துக் கடுமையாகச் சாடுகிறார். காற்றிலும் உணவிலும் கலந்திருக்கும் நச்சைப் பற்றிப் பேசாமல் நோயாளியின் முகமலர்ச்சியைப் பற்றிப் பேசுவது யாருக்கு வசதியானது என்பது அவர் எழுப்பும் வினா. லார்டின் நூலில் ஆறுதல் மொழி குறைவு. ஆனாலும் அச்சத்தை அச்சமென்றும் சினத்தைச் சினமென்றும் ஒப்புக்கொள்ளும் அந்தப் பக்கங்களைப் படித்து முடிக்கும் வாசகிக்குத் தன் நோய்க்குத் தானே குற்றவாளி என்ற எண்ணம் எஞ்சியிருக்க வழியில்லை.

அறிவே மருந்தாகும் என்பதற்கு 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' என்னும் பெண் உடல்நல நூல் உருவான வரலாறு சான்றாகும். 1969-இல் பாஸ்டன் நகரில் நடந்த மகளிர் மாநாடு ஒன்றில் சந்தித்த பெண்கள் சிலர், தங்களை மதித்துப் பேசும் நல்ல மருத்துவர்களின் பட்டியலைத் தயாரிக்க முயன்று, அப்படி ஒரு பட்டியலை நிரப்ப முடியாதென்று கண்டு, கருப்பை, மகப்பேறு, கருத்தடை, பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றைத் தாங்களே பகிர்ந்துகொண்டு படித்து எழுதத் தொடங்கினார்கள். 1970-இல் செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி 75 சென்ட் விலையில் வந்த அந்த 193 பக்க வெளியீடு, பெரிய விளம்பரம் எதுவுமின்றிக் கைக்குக் கை பரவி, 1973-இல் பெரிய பதிப்பகம் ஒன்றின் வழியாக விரிவான நூலாகி, பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. மருத்துவச் செய்தியின் பக்கத்திலேயே சாதாரணப் பெண்களின் அனுபவக் கூற்றுகளை வைத்ததுதான் அதன் புதுமை. தனக்கு மட்டுமே நேர்ந்த வெட்கக்கேடு என்று ஒருத்தி மறைத்து வைத்திருந்தது பலருக்கும் பொதுவானது என்பது அதனால் தெரியவந்தது.

இந்தியாவில் இத்தகைய எழுத்தின் தொடக்கம் அதற்கும் முந்தையது. பன்னிரண்டு வயதில் மணமுடிக்கப்பட்டு, படித்த பெண் கைம்பெண்ணாவாள் என்ற நம்பிக்கை நிலவிய காலத்தில், சைதன்ய பாகவதச் சுவடியின் ஏடு ஒன்றைச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்துகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தானாகவே படிக்கக் கற்ற ராசசுந்தரி தேவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'அமார் ஜீபன்' என்ற தன்வரலாற்றை வங்க மொழியில் எழுதினார். அவருக்கு வளர்ச்சி என்பது முதலில் எழுத்தறிவாகவே இருந்தது.

தமிழில் இம்மரபின் தலைசிறந்த நூல் பாமாவின் 'கருக்கு'. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் நோக்கத்துடன் கன்னியர் மடத்தில் சேர்ந்த பாமா, அங்கும் சாதி வேறுபாடே ஆள்வதைக் கண்டு வெளியேறி, வேலையும் வருவாயும் இன்றித் தவித்த நிலையில் எழுதிய அந்நூல் 1992-இல் வெளிவந்தது. தன் உள்காயங்களை ஆற்றிக்கொள்வதற்காகவே அதை எழுதியதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனினும் காயத்தை விவரிக்கும்போது அவர் தன் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. ஊரின் தெருப் பிரிவினை, பண்ணை வேலையில் பாட்டி பட்ட இழிவு, பள்ளியிலும் பேருந்திலும் சாதியைக் கேட்டு விலகிய மனிதர்கள், திருச்சபையின் பேச்சுக்கும் நடைமுறைக்கும் இடையிலான தொலைவு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவற்றை ஊர்ப்பேச்சு மொழியிலேயே எழுதுகிறார். தொடக்கத்தில் சொந்த ஊராரே சினந்து அவரைச் சில மாதங்கள் ஊருக்குள் வரவிடவில்லை என்பது, இத்தகைய நூல் தரும் விடுதலைக்கு எழுதுபவள் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைக் காட்டும். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வந்தபின் உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பாடமான அந்நூல், தமிழ்ப் புத்தகக் கடையின் 'பெண்கள், மனநலம்' அடுக்கில் மட்டும் ஏனோ வைக்கப்படுவதே இல்லை. இலக்கியம் அல்லது தலித்தியம் என்று வேறோர் அடுக்குக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது.

வாசிப்பும் எழுத்தும் மனத்தைத் தேற்றும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. நூலைக் கொண்டு மனத்துயரைக் குறைக்கும் முறையை நூல்வழிச் சிகிச்சை என்று உளவியலாளர் குறிப்பிடுவர். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சிகளைத் தரும் டேவிட் பர்ன்ஸின் 'ஃபீலிங் குட்' போன்ற நூல்கள் மிதமான மனச்சோர்வுக்கு உதவுவதாக ஆய்வுகள் காட்டின. இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவர்கள் இத்தகைய நூல்களைப் பரிந்துரைக்க, நோயாளிகள் பொது நூலகங்களில் அவற்றைப் பெறுகிறார்கள். தன் துயரை நான்கு நாள்கள் தொடர்ந்து பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள் என்று ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் கண்டார்கள். பிற்காலத் தொகுப்பாய்வுகள் அந்தப் பயன் உண்மையானது, ஆனால் சிறியது என்று திருத்தின. கடுமையான மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவரே தேவை. நூல் அங்கே துணை மட்டுமே. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு நேர்மறை எண்ணத்தைக் கற்பிக்கும் நூலைவிட, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் ஒரு சிறுவெளியீடு அதிகம் ஆற்றும்.

எந்த நூல் என்பதைப் போலவே, அது யார் கையில் எப்போது சேர்கிறது என்பதும் முக்கியமானது. வேலையும் வீட்டு வேலையும் முடிந்து மாலையில் நூலகத்துக்குச் செல்ல நேரமோ இசைவோ இல்லாத பெண்களே இந்நூல்கள் அதிகம் தேவைப்படுபவர்கள். தமிழ்நாட்டுக்கு 1948-ஆம் ஆண்டிலிருந்தே பொது நூலகச் சட்டம் உண்டு. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நேரில் வர இயலாதோருக்குத் தன்னார்வலர்கள் நூல்களை எடுத்துச் செல்லும் நூலக நண்பர்கள் திட்டமும் இருக்கிறது. இவற்றோடு ஊர்தோறும் கூடும் மகளிர் சுய உதவிக் குழுக்களை இணைத்து, கடன் தவணைக் கணக்கு முடிந்தபின் ஒரு நூலின் பத்துப் பக்கங்களையாவது ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் சேர முடியும். பொது நூலகத் துறை தன் அடுத்த கொள்முதல் பட்டியலில் நல்வாசகத் தொகுப்புகளைக் குறைத்துக்கொண்டு, 'கருக்கு' போன்ற தன்வரலாறுகளையும் பெண் உடல்நலம், பெண்ணுக்கான சட்டங்கள் ஆகியவை பற்றிய தமிழ் நூல்களையும் கிளை நூலகம் வரை கொண்டு சேர்க்க வேண்டும்.