மாமாவின் டிரங்குப் பெட்டி

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரண்மீது பூட்டிய பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்ற மாதம் தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் உள்ள என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே தராசு! கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. அதன்மேல் 65 வயது மாமா, கோட்டையைக் காக்கும் சிப்பாய்போல் உட்கார்ந்திருந்தார்.

"நீயே கேளடி இந்த அநியாயத்தை!" என்றாள் அக்காள். "இந்தப் புஸ்தகத்தைப் பார்த்துவிட்டு நேற்றுப் பேரன் கரண்டியைப் பிளக்கில் விடப் போனான். நான் மட்டும் பார்க்காமலிருந்தால்...?" மேலே பேச முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஔவையைத் தூது அனுப்பிய அதியமானின் தகடூர்தானே இந்தத் தர்மபுரி? எனக்கும் அங்கே தூதுப் பணி வாய்த்தது!

பெட்டி நிறைய முத்து காமிக்ஸ். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய அந்த வெளியீட்டின் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. ஆசாமி நம்மூர்க்காரனல்ல, 1962-இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். கதை கென் பல்மர். சித்திரம் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயி கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து விடுகிறான். கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது! முதலில் அக்கிரமம் செய்கிறவன், பிற்பாடு நிழற்படை உளவாளியாகிறான். அப்புறம் அந்த இரும்பு விரலுக்குள் துப்பாக்கியே வந்து விடுகிறது. மனிதனே ஆயுதம்!

(தீர்ப்புச் சொல்லவேண்டுமே என்று நானும் இரண்டு படித்தேன். அன்று சாம்பார் அடிபிடித்தது.)

"தகப்பனார் இல்லாத வீடு எங்களுடையது," என்றார் மாமா மெதுவாக. "பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வாங்கியவை இவை. பயமாயிருக்கும் ராத்திரிகளில் இவன்தான் துணை."

அக்காள் திகைத்துப் போனாள். "நாற்பது வருஷத்தில் இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே!"

தராசுக்காரருக்குச் செய்தித்தாள் மட்டும் போயிற்று. ஆனால் அக்காள் பயந்ததும் நியாயந்தானே? மாயாவி மறைந்தால் அடுத்த பக்கத்தில் திரும்பி வருவான். நம் வீட்டு 230 வோல்ட் அப்படி விடுமா? மறுநாளே எலெக்டிரீஷியன் வந்தார். பிள்ளைகள் எதையும் நுழைக்க முடியாதபடி உள்மூடி வைத்த பிளக்குகளை மாட்டினார். மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் பொருத்தினார். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அம்மா. அது இருக்கிறதென்று கரண்டி விளையாட்டை அனுமதித்து விடாதீர்கள். எல்லா ஷாக்கையும் அது தடுக்காது.

இனிமேல் பேரனுக்கு மாமாவே படித்துக் காட்டுவதென்று ஏற்பாடு. அன்றிரவு முதல் கதை. கீரை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டியிருந்த அக்காள் நடுவில் நிறுத்தினாள்:

"ஏன்னா, அந்தப் பிள்ளைக்குக் கை போனபோது ஆஸ்பத்திரியில் கூட இருக்க அம்மா, அக்காள் யாருமே இல்லையா?"

மாமா பக்கங்களைப் பின்னால் புரட்டித் தேட ஆரம்பித்தார்.