‘ஹலோ, கேக்குதா?’: சத்தம் எங்கே போகுதுன்னு கம்ப்யூட்டர் ஏன் சொல்வதில்லை?

ஆன்லைன் இன்டர்வியூ. சட்டை அயர்ன் பண்ணியாச்சு, ப்ளூடூத் ஹெட்செட்டும் மாட்டியாச்சு. கால் கனெக்ட் ஆனதும், எதிரில் இருப்பவரின் உதடு அசைகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. “ஹலோ, கேக்குதா?” என்பதிலேயே முதல் 2 நிமிடம் போய்விடுகிறது. ‘லேப்டாப்பே ஒழுங்கா யூஸ் பண்ணத் தெரியல போல’ என்று எதிர்முனை நினைத்தால், அதற்கு விலை ஒரு வேலை.

உண்மையில் சத்தம் காணாமல் போகவில்லை. வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

மிக்ஸிங் என்பது கூட்டல் கணக்கு

கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது வெறும் எண்கள்தான். பொதுவாக விநாடிக்கு 44,100 அல்லது 48,000. பாட்டு, வீடியோ, நோட்டிஃபிகேஷனின் ‘டிங்’ எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால், அந்த எண்களை முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கூட்டுகிறார்கள். அவ்வளவுதான் மிக்ஸிங். கூட்டுத்தொகை எல்லை மீறினால் அலையின் உச்சி வெட்டுப்படும். காதில் கரகரவென்று கேட்கும்.

1998-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற கார்டுகளில், இந்தக் கூட்டலை கார்டில் இருந்த சிப்பே செய்தது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அந்த வேலை பெரும்பாலும் சாஃப்ட்வேருக்கு வந்துவிட்டது. இன்றைய சாதாரண லேப்டாப்பில் சவுண்ட் சிப்பின் முக்கிய வேலை, எண்களை மின் அலையாகவும் மைக்கில் வரும் அலையை எண்களாகவும் மாற்றுவதுதான். எந்த ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது சாஃப்ட்வேர்.

ரூட்டை மாற்றுவது யார்?

குழப்பம் இங்கேதான். விண்டோஸில் பாட்டு, வீடியோவுக்கு ஒரு டீஃபால்ட் கருவி. கால் பேச இன்னொன்று. மீட்டிங் ஆப்பின் செட்டிங்ஸில் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். ஹெச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை மாட்டினால், ஹெட்போன் துளை மட்டுமே உள்ள மானிட்டர்கூட ஸ்பீக்கர் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரல் அங்கே போனால், கேட்க ஆளில்லை.

ப்ளூடூத் கதை வேறு. வழக்கமான ஹெட்செட்டில் பாட்டு கேட்கும்போது ஒருவழிப் பாதை, நல்ல ஸ்டீரியோ. மைக்கை ஆன் செய்ததும் அது இருவழிப் பாதைக்கு மாறும்; ஒலி மோனோவாகி, விநாடிக்கு 8,000 அல்லது 16,000 எண்களாகச் சுருங்கும். 10,000 ரூபாய் ஹெட்செட் பழைய லேண்ட்லைன் மாதிரி கேட்பது இதனால்தான்.

சொல்லிவிட்டு மாறட்டும்

‘ஒவ்வொரு தடவையும் யூசரிடம் கேட்டால் எரிச்சல்தானே வரும்?’ நியாயமான கேள்வி. தானாக மாறுவது வசதிதான். சொல்லாமல் மாறுவதுதான் தவறு. சம்பளப் பேச்சோ, டாக்டருடனான ஆலோசனையோ ஹெட்செட்டை விட்டு ஆபீஸ் ஸ்பீக்கரில் அலறினால், அது வெறும் டெக்னிக்கல் கோளாறு அல்ல.

செல்போனில் கால் பேசும்போது ஸ்பீக்கரா, ப்ளூடூத்தா என்பது திரையிலேயே தெரிகிறது. ஒரே தட்டலில் மாற்றிக்கொள்ளலாம். ‘உங்கள் குரல் இந்த மைக்கிலிருந்து போகிறது, அவர் குரல் இந்த ஸ்பீக்கரில் வருகிறது’ என்று லேப்டாப்பும் ஒரு வரி காட்டினால் போதும். அதை நான்கு மெனுவுக்குள் ஒளித்துவிட்டு, யூசரைக் குறை சொல்வது சரியல்ல.

அதுவரை, முக்கியமான காலுக்கு 5 நிமிடம் முன்பு இதைச் செய்யுங்கள்:

• மீட்டிங் ஆப்பில் ‘டீஃபால்ட்’ என்று விடாமல், கருவியின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

• மைக்காக லேப்டாப்பின் மைக்கை வைத்தால், ஹெட்செட் பெரும்பாலும் ஸ்டீரியோவிலேயே இருக்கும்.

• ஆப்பிலேயே டெஸ்ட் ஒலி இருந்தால், ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

இன்டர்வியூவில் சோதிக்கப்பட வேண்டியது உங்கள் திறமை. லேப்டாப்பின் ரூட்டிங் அல்ல.