மனாவுஸ் நகரத்துப் பந்தல்

வீட்டிலே கல்யாணம் வந்துவிட்டால் வாசலில் பந்தல் போடுவது நம் வழக்கம். மூங்கிலும் கீற்றும் வாடகைக்கு வரும். நாலு நாள் நிற்கும். சம்பந்திகள் கட்டுச்சாதக் கூடையுடன் வண்டி ஏறிய மறுநாள் பந்தற்காரன் வந்து பிரித்துக் கொண்டு போய்விடுவான். பந்தற்கால் நட்ட குழிகளை மண்ணைத் தள்ளி மூடினால் காரியம் முடிந்தது. ஆனால், சுமார் 67 கோடி ரியால் செலவில் இரும்பும் காங்கிரீட்டும் கொண்டு ஒரு பந்தல் போட்டு, அதில் நாலே நாலு முகூர்த்தங்களை நடத்தி, பிற்பாடு அதைப் பிரிக்கவும் மாட்டாமல் வைத்துக் காப்பாற்றவும் மாட்டாமல் விழித்த ஒரு நகரம் உண்டு. அதைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நகரத்தின் பெயர் மனாவுஸ். பிரேஸில் தேசத்தில், அமேஸான் பெருங்காட்டின் நடுவே இருப்பது. கடலிலிருந்து நதி வழியாக ஏறக்குறைய 900 மைல் உள்ளே போனால் அதை அடையலாம். கறுத்த நீரையுடைய நீக்ரோ நதியும் பால் விட்ட தேநீர் போன்ற ஸொலிமோயிஸ் நதியும் அங்கே சந்திக்கின்றன; சந்தித்த பிறகும் சில மைல் தூரம் ஒன்றோடொன்று கலக்காமல், மனஸ்தாபம் கொண்ட பங்காளிகளைப் போல், பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஊருக்குப் போகக் கப்பல் அல்லது ஆகாய விமானமே முக்கிய வழி. அப்பேர்ப்பட்ட இடத்தில் இருபது லட்சம் ஜனங்கள் வசிக்கிறார்கள் என்பதே பலருக்கு ஆச்சரியமாயிருக்கும்.

2014-ம் ஆண்டில் பிரேஸிலில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. எட்டு நகரங்கள் போதும் என்றிருக்கையில், பிரேஸில் சர்க்கார் பன்னிரண்டு நகரங்களில் நடத்துவதென்று தீர்மானித்தனர். ஒவ்வொரு மாகாணத்தையும் திருப்தி செய்ய வேண்டுமல்லவா? மந்திரிகள் எந்தத் தேசத்திலும் மந்திரிகளே! அமேஸான் பிரதேசத்திற்கு ஒரு நகரம் என்று வந்தபோது, மனாவுஸுக்கும் நதி முகத்திலுள்ள பெலேம் நகரத்துக்கும் போட்டி ஏற்பட்டது. பெலேமில் பெரிய மைதானம் முன்பே இருந்தது. ஆவேசத்துடன் ஆதரிக்கும் ஜனக்கூட்டத்தை உடைய இரண்டு பழைய கோஷ்டிகளும் இருந்தன. ஆனாலும் 2009-ல் அதிர்ஷ்டம் மனாவுஸுக்கு அடித்தது. உலகத்தார் பார்க்க வேண்டியது காடு. அந்தக் காட்டின் தலைநகர் நாங்களே என்று அவர்கள் சொன்ன வாதம் எடுபட்டது.

ஊரில் 1970-ல் திறந்த ஒரு மைதானம் இருந்தது. 2010-ல் அதை இடித்தார்கள். அதே இடத்தில், காட்டு ஜனங்கள் பின்னும் நார்க்கூடையின் வடிவத்தில், ஜெர்மன் சிற்பிகள் வகுத்த திட்டப்படி புதிய மைதானம் எழுந்தது. அதன் இரும்புச் சட்டங்கள் போர்ச்சுகல் தேசத்தில் தயாராகி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, அமேஸான் நதியில் ஏறி வந்து சேர்ந்தன. வேலை தாமதப்பட்டது. இரவும் பகலும் ஆட்களை வைத்து முடுக்கினார்கள். 2013 டிஸம்பரில் ஒரு நாள், விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, 22 வயது வாலிபன் ஒருவன் கூரையிலிருந்து 35 மீட்டர் கீழே விழுந்து மாண்டான். அந்தக் கட்டடத்தில் உயிர் விட்டவர்கள் மொத்தம் மூவர். விடியற்காலை நாலு மணிக்குக் கூரை மேல் வேலை வாங்க வேண்டிய அவசரம் கால்பந்துக்கு ஏன் வந்தது என்று நாம் பல தடவை யோசித்துப் பார்த்தோம், விடை கிடைக்கவில்லை.

இது இவ்வாறிருக்க, இங்கிலாந்துக் கோஷ்டியின் பயிற்சியாளர் ராய் ஹாட்ஸன், மனாவுஸின் புழுக்கத்தை நினைத்து, அந்த ஊர் மட்டும் தங்களுக்கு வராமலிருந்தால் நல்லது என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டார். நகரசபைத் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்களுக்கும் இங்கிலாந்து வர வேண்டாம். மரியாதை தெரிந்த பயிற்சியாளரையுடைய வேறு நல்ல கோஷ்டி வரட்டும் என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். இங்கிலாந்தின் முதற் பந்தயமே மனாவுஸில் விழுந்தது! 2014 ஜூன் 14-ம் தேதி மாலை அங்கே இத்தாலியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, ஆட்டக்காரர் சிலர் கால் தசை பிடித்துக் கொள்ள, இங்கிலாந்து திரும்பிற்று. காமெரூனைக் குரோஷியா 4-0 என்று வென்றது. அமெரிக்காவும் போர்ச்சுகலும் ஆடியபோது உஷ்ணம் தாங்காமல் நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்; அமெரிக்கா ஜயித்துவிட்டது என்று எல்லோரும் எழுந்திருக்கும் சமயத்தில், கடைசி விநாடிகளில் போர்ச்சுகல் ஒரு கோல் போட்டு 2-2 என்று சமன் செய்தது. ஜூன் 25-ம் தேதி ஸ்விட்ஸர்லாந்து ஹாண்டுராஸை 3-0 என்று தோற்கடித்தது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் சுமார் 40,000 பேர். பன்னிரண்டு நாளில் நாலு பந்தயங்களும் முடிந்துவிட்டன. விருந்தாளிகள் விமானம் ஏறினார்கள்.

அப்புறம்? மாகாணப் பந்தயங்களுக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிய காரியம் என்றிருந்த ஊர். உள்ளூர்க் கோஷ்டிகளோ தேசத்தின் நான்காவது வகுப்பில் தத்தளித்துக் கொண்டிருந்தன. மைதானத்தைப் பராமரிப்பதற்கு மாதந்தோறும் பல லட்சம் ரியால் தேவைப்பட்டது. போட்டி ஆரம்பிப்பதற்கு முன்பே, 2013-ல், நீதிபதி ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: சிறைச்சாலைகளில் இடமில்லை, உலகக் கோப்பை முடிந்ததும் கைதிகளைத் தாற்காலிகமாக இங்கே வைக்கலாமே! உலகமெங்கும் பத்திரிகைகள் சிரித்தன. கால்பந்தே தெரியாத ஊருக்குக் கால்பந்து மைதானம் என்று எழுதின.

இந்த இடத்தில் நாம் அந்தப் பத்திரிகைகளுடன் உடன்படவில்லை. மனாவுஸுக்குக் கால்பந்து தெரியாது என்பது சுத்தப் பொய். 1973 முதல் அந்த ஊரில் ‘பெலடாவ்’ என்று ஒரு பந்தயம் நடந்து வருகிறது. ‘பெலடா’ என்றால் தெருவிலும் திடலிலும் பிள்ளைகள் ஆடும் ஒழுங்கில்லாத ஆட்டம். ‘பெலடாவ்’ அதில் பெரியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கோஷ்டிகள் கலந்து கொண்ட வருஷங்கள் உண்டு. சம்பளக்காரர் யாரும் இல்லை. தொழிற்சாலை ஆட்கள், கடைக்காரர்கள், பேட்டைப் பையன்கள்தான். இதில் ஒரு வேடிக்கை: ஒவ்வொரு கோஷ்டியும் தன் பங்குக்கு ஒரு ‘ராணி’யை நிறுத்த வேண்டும். ராணிகளுக்குத் தனியாக அழகுப் போட்டி. கோஷ்டி பந்தாட்டத்தில் தோற்று வெளியேறிவிட்டாலும், அவர்களுடைய ராணி மேலே மேலே முன்னேறினால் அந்தக் கோஷ்டி மறுபடியும் போட்டிக்குள் வரலாம்! சத்தியவானுக்காக யமனிடம் வாதாடிய சாவித்திரியின் கதை நமக்கு நினைவு வருகிறது. முழங்கால் முறிந்த பதினொருவர், கன்னி ஒருத்தியின் புன்னகையில் பிழைத்தெழும் காட்சி வேறெந்த நகரத்தில் உண்டு?

ஆகவே பந்து இருந்தது, ஆட்டக்காரர் இருந்தார்கள், பார்க்கும் ஜனங்களும் இருந்தார்கள். தங்கள் ஊர்க் கோஷ்டிகளைக் கைவிட்டு, வெகு தூரத்திலுள்ள ரியோ நகரத்துக் கோஷ்டிகளின் மேல் பலரும் பக்தி செலுத்தி வந்தார்கள் என்பது மட்டுந்தான் குறை. 67 கோடியில் பத்தில் ஒரு பங்கைத் திடல்களுக்கும் உள்ளூர்க் கோஷ்டிகளுக்கும் செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் திடலை வெளியூரார் வந்து பார்த்து அதிசயிக்க மாட்டார்களே!

வெளியூராரை அதிசயிக்கச் செய்யும் ஆசை மனாவுஸுக்குப் புதிதல்ல. 1896-ம் வருஷம் டிஸம்பர் 31-ந் தேதி அங்கே ஒரு நாடகசாலை திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. இத்தாலியப் பளிங்கு, பிரிட்டிஷ் இரும்பு, கூண்டின் மேல் பிரேஸில் கொடியின் வர்ணத்தில் 36,000 ஓடுகள். உட்காரும் இடமோ சுமார் 700 பேருக்குத்தான். நாடகம் நடக்கையில் வண்டிச் சக்கரங்களின் சத்தம் கேட்கக் கூடாதென்று வாசலில் ரப்பர் கலந்த கல் பாவினார்கள் என்பார்கள். பிரசித்தி பெற்ற இத்தாலிய சங்கீத வித்துவான் கரூஸோ அங்கே வந்து பாடினார் என்றும் சொல்வதுண்டு. அது வெறும் கதை. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து. அப்போது உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பகுதி அந்தக் காட்டிலிருந்துதான் கிடைத்தது. காட்டில் மரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். கடனில் மூழ்கிய ஏழைகள் இருட்டோடு எழுந்து, மைல் கணக்கில் ஒற்றையடிப் பாதையில் நடந்து, பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். அந்தப் பாலில்தான் பளிங்கும் விளக்கும் மிதந்து வந்தன.

இங்கே நம்மவர்களின் கதையும் வந்து சேர்கிறது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை அமேஸான் கரையிலிருந்து லண்டனுக்குக் கொண்டு போனார். கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை அதே வருஷத்தில் இலங்கைக்கு வந்தன. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. காட்டை அழித்து வரிசை வரிசையாக மரம் வைத்தார்கள். அவற்றைச் சீவுவதற்கு ஆள் வேண்டுமே? கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்களில் கிராமம் கிராமமாகத் திரிந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் பினாங்குக்குப் புறப்பட்டன. மலாய் நாட்டில் தமிழ்ப் பெண்கள் வைகறையில் பனியில் நனைந்து கொண்டு பால் மரம் சீவினார்கள். தோட்ட ரப்பர் மலிவு. 1913-க்குள் அது காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. விலை சரிந்தது. மனாவுஸின் செல்வர்கள் ஓடிப் போனார்கள். நாடகசாலை வெகு காலம் பாழடைந்து கிடந்தது. தன் வயிற்றைக் கழுவக் கப்பலேறிய ஒரு தமிழ்க் கூலிக்காரி, தான் பெயர் கூடக் கேட்டிராத ஒரு நகரத்தின் சங்கீத மண்டபத்தில் விளக்கை அணைத்தாள்! அந்த லாபத்தில் அவளுக்கோ அவள் சந்ததிக்கோ எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

1967-ல் மனாவுஸ் தீர்வையில்லாத வர்த்தகப் பிரதேசம் ஆயிற்று, தொழிற்சாலைகள் வந்தன, ஊர் மறுபடியும் தலையெடுத்தது. நாடகசாலையில் 1997-ல்தான் பெரிய சங்கீத நாடக விழா ஒன்று ஆரம்பமாயிற்று. கட்டி முடித்து நூறு வருஷம் கழித்து!

கால்பந்து மண்டபத்துக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. ரியோ கோஷ்டிகள் எப்போதாவது வந்து ஆடிப் பணம் சேர்த்துக் கொண்டு போயின. 2016-ல் ஒலிம்பிக் பந்தயங்கள் சில அங்கே நடந்தன. 2027-ல் பிரேஸில் நடத்தவிருக்கும் பெண்கள் உலகக் கோப்பைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு நகரங்களில் மனாவுஸ் இல்லை. ஆனால் 2013-ல் ‘மனாவுஸ்’ என்ற பெயரிலேயே ஒரு புதிய உள்ளூர்க் கோஷ்டி தோன்றியிருந்தது. 2019-ல் அது நான்காவது வகுப்பிலிருந்து மூன்றாவதற்கு ஏறும் தகுதி பெற்று, ஆகஸ்டு 18-ம் தேதி இறுதிப் பந்தயத்தை அந்த மைதானத்தில் ஆடியது. எதிர்த்தது தெற்கே புரூஸ்க் என்ற சிறிய ஊரின் கோஷ்டி. அன்று 44,000 பேருக்கு மேல் கூடினார்கள். உலகக் கோப்பையின் நாலு பந்தயங்களில் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. ஆட்டம் 2-2 என்று முடிந்து, பெனால்டி உதைகளில் மனாவுஸ் தோற்றுப் போயிற்று.