"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?"

அன்பு மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் என் மேல்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மரு உதிர சேராங்கொட்டைப் பால் ஒரு சொட்டு போதுமாம். இயற்கை மருந்தாம், பக்கவிளைவே கிடையாதாம். படித்துவிட்டு நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள்!

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் உறவுக்காரப் பையனுக்குக் கழுத்தில் மரு. வயது பதினொன்று. பாட்டி நாட்டு மருந்துக் கடையில் கொட்டை வாங்கி, ஊசியால் குத்தி, கறுப்புப் பாலை வைத்தார். லேசாக எரிந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்தார். மறுநாள் இரவே கழுத்தெல்லாம் கொப்புளம். பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்திருக்கிறான். இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று பாட்டி அழுதார்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாலில் உள்ள எண்ணெய் தோலுக்குள் ஊறி, நம் உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நம் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியன் என்று நினைக்கிறது. அதை அடையாளம் கண்டு மனப்பாடம் செய்யவே பல நாள் பிடிக்கும். அதனால்தான் முதல் தடவை பல பேருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுபடி பட்டால் ஒன்றிரண்டு நாளில் படையே திரண்டு வரும். முதல் தடவை தப்பித்தது பாதுகாப்பு அல்ல, ஒத்திகை.

மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அமெரிக்காவில் பயந்து ஒதுங்கும் 'பாய்சன் ஐவி' கொடியும் அதே குடும்பம்தான். மாங்காய்க் காம்புப் பால் பட்டு உதடு புண்ணாவதும், முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வதும் இதனால்தான்.

என் சின்ன வயதில் சலவைக்காரர் துணியில் குறி போட்டது இந்தக் கொட்டையின் பாலால்தான். எத்தனை வெளுத்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போர் சமயம் இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சட்டைக் காலரில் அந்தக் குறி இருந்த இடத்திலேயே கழுத்தில் தோல் வெந்து புண்ணானது. மருத்துவர்கள் அதற்கு 'டோபி குறி' தோல் அழற்சி என்றே பெயர் வைத்தார்கள். துவைத்த துணியில் ஒட்டியிருந்த குறியே அப்படிச் செய்தால், பச்சைப் பால் என்ன செய்யும்?

"டீச்சர், சித்த மருத்துவத்தையா குறை சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் அதன் பக்கம்தான் பேசுகிறேன். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சுத்தி செய்யாமல் சேராங்கொட்டையை எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. அரசின் மருந்து விதிகளிலும் அது நச்சுச் சரக்குப் பட்டியலில் இருக்கிறது; அதைச் சேர்த்த உள்மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, சரிதான். அவர்கள் சொன்ன முதல் வரியை வெட்டிவிட்டு அனுப்புகிறோமே, நாம் யார்?

பால் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள். நகத்தடியையும், போட்டிருந்த துணியையும் சேர்த்துக் கழுவுங்கள். சொறியாதீர்கள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்து நீரால் பரவாது, மிச்சமிருக்கும் எண்ணெயால்தான் பரவும். கொட்டையை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. முகமோ கண்ணோ வீங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கழுத்தில் கறுப்புத் தழும்பு இருக்கிறது. மருவும் அப்படியே இருக்கிறது.

குழுவில் நான் காட்டிய கட்டைவிரலை எடுத்துவிட்டேன். நீங்களும் அந்தச் செய்தியை யாருக்காவது அனுப்பியிருந்தால், அதே ஆளுக்கு இதையும் அனுப்புங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

உங்கள் டீச்சர்