டெட் பாஸ் பண்ணிட்டா டீச்சரா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போது பி.எட். படிக்கும் தோழி கேட்டாள்: "டெட் பாஸ் பண்ணிட்டா கவர்மெண்ட் டீச்சர் ஆயிடலாம்ல?"

இல்லைங்க. அங்கேதான் கதையே ஆரம்பிக்குது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு, ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருட ஆசிரியர் பட்டயம் வேண்டும். ஆறு முதல் எட்டுக்கு டிகிரியும் பி.எட்.டும். பி.எட். வைத்துக்கொண்டு தொடக்க வகுப்புக்குப் போகும் வழியை 2023-ல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. அப்புறம்தான் டெட்: 150 கேள்வி, 150 மார்க்.

தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது 2012 ஜூலையில். ஆரம்பத்தில் பாஸ் செய்தவர்களுக்கு வெயிட்டேஜ் பார்த்து வேலை கொடுத்தார்கள். 2018-ல் வந்த அரசாணை 149, வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதணும் என்றது. 2013-ல் பாஸ் செய்து காத்திருந்தவர்களுக்கும் அதே விதி. அந்தத் தேர்வு நடந்ததோ 2024-ல்!

தகுதியைச் சோதிப்பது தப்பே இல்லை. குழந்தைகள் விஷயமாச்சே. ஆனால் இரண்டாவது தேர்வு வைப்பதென்றால் வருஷா வருஷம் வையுங்கள். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் மாற்றினார்கள். சந்தோஷம். சான்றிதழுக்கு ஆயுள் கொடுத்தாச்சு, காத்திருப்பவருக்கு வயசு நிற்குமா?

சத்திரம் வரும்வரை தோழி பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "இருந்தாலும் எழுதுவேன்."

எழுதட்டும். நல்ல டீச்சர் அவள்.