சேலத்துக் கிழங்கில் உணவு உறை: ஒரு சோதனைக்கூடம் வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு சுற்றுச்சூழல் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் எங்கள் சந்தையில் கடலைமிட்டாயும் பருப்பும் இன்றுவரை பாலிதீன் உறையில்தான் கைக்கு வருகின்றன. அபராதம் கட்டிய கடைக்காரரும் மறுவாரம் அதே கவரைத்தான் வாங்குகிறார். கட்டுப்படியாகும் விலையில் அவருக்கு வேறொன்று கிடைப்பதில்லை. அந்த வேறொன்றுக்கான மூலப்பொருளான மரவள்ளி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விளைகிறது. மரவள்ளி மாவை உணவு உறையாக்கும் தொழிலுக்கு அரசு வழி திறக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

மரவள்ளி விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து உணவுத் தொழில்நுட்பம் படித்தவள் நான். மரவள்ளி மாவில் உறைக்கான தாளைச் செய்வது எளிது. 5 கிராம் மாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக் கிளறிக்கொண்டே காய்ச்சினால், 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வெள்ளைக் கரைசல் தெளிந்து பசையாகும். தட்டில் மெல்லப் பரப்பிக் காயவைத்தால் ஒளி ஊடுருவும் தாளாக உரிந்து வரும். வெறும் மாவில் செய்த தாள் மடித்தால் அப்பளமாக நொறுங்கும். காய்ச்சும்போதே கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் வளையும். மாவின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகிவிடாமல் அது இடையில் புகுந்து தளர்த்துகிறது. கிளிசரின் கூடினால் தாள் பிசுபிசுக்கும், வலுவும் குறையும்.

தண்ணீர் பட்டால் இந்தத் தாள் ஊறிவிடும். சாம்பார் பார்சலுக்கு ஆகாது. நீராவியையும் உள்ளே விடுவதால் முறுக்கு நமுத்துப்போகும். அதற்கு மெழுகுப் பூச்சு போன்ற ஈரத்தடை கூடுதலாக வேண்டும். ஆனால் உலர்ந்த நிலையில் எண்ணெயைக் கசியவிடாது, ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும். ஆகவே சில நாட்களில் விற்றுத் தீரும் கடலைமிட்டாய், பருப்பு, ஜவ்வரிசி ஆகியவற்றில் தொடங்கலாம். மாவு பிழிந்தபின் ஆலையில் மிஞ்சும் திப்பியின் நாரைச் சேர்த்துத் தாளுக்கு வலுவூட்டவும் முடியும்.

எங்கள் பக்கம் கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில்தான். மாவுச்சத்து எத்தனை பாயிண்டோ, அதற்கேற்ற பணம். வாங்குவது பெரும்பாலும் சேகோ (ஜவ்வரிசி), ஸ்டார்ச் ஆலைகளே. ஜவ்வரிசி விலை சரிந்தால் கிழங்கு விலையும் கூடவே சரிகிறது. இந்த ஆலைகளுக்காக 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு இருந்தும் இந்தத் தள்ளாட்டம் தீரவில்லை. மாவுக்கு இன்னொரு சந்தை பிறந்தால் விவசாயி பேரம் பேச முடியும்.

மக்கும் உறை தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கான மக்குதல் சோதனை பல மாதம் நீளக்கூடியது. அதுவரை பணத்தை முடக்கிக் காத்திருக்கச் சின்ன ஆலைக்காரரால் முடியாது. எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டி, ஆலைக்காரர்கள் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்தும் சோதனைக்கூடமும் முன்மாதிரி இயந்திரமும் அமையுங்கள். மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் அங்கிருந்துதான் வயல்களுக்கு விட்டார்கள். விவசாயிகள் நம்பி வந்துபோகும் இடம் அது.

இரண்டாவது, பாலிதீனில் கொஞ்சம் மாவைக் கலந்து 'மக்கும்' என்று அச்சடித்து விற்பதைத் தடுங்கள். அதில் மாவு மட்டுமே மக்கும்; பாலிதீன் துகள்களாகி மண்ணில் தங்கிவிடும். உண்மையான உறைக்கு வரவேண்டிய நம்பிக்கையை இந்தப் போலிகள் கெடுக்கின்றன.

மூன்றாவது, கூட்டுறவு அங்காடிகளில் விற்கும் பருப்புப் பொட்டலங்களில் ஒரு பகுதியை, சான்று பெற்ற மரவள்ளி உறையில் அடைக்க உத்தரவிடுங்கள். வாங்குவதற்கு அரசு உறுதி தந்தால் முதலீடு செய்ய ஆலைகள் முன்வரும். உற்பத்தி பெருகினால் விலையும் இறங்கும்.

தடை போட அரசுக்குத் துணிவு இருந்தது. அந்தத் தடை வெல்வதற்கு வேண்டிய மாற்றை உருவாக்குவதும் அரசின் கடமை. அடுத்த மானியக் கோரிக்கையின்போது ஏத்தாப்பூர் சோதனைக்கூடத்துக்கான அறிவிப்பைப் பேரவையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்து மரவள்ளி விவசாயி ஒருவரின் மகள்